அம்புக்குறி

ஆம்பூரில் ஷிப்ட் விட்டால்
குடியாத்தம் போய்ச் சேர ஒரு மணி நேரம்.
கம்பெனி பஸ். ஐம்பத்திரண்டு பெண்கள்.
டிரைவர் தசரதன் தலைக்கு மேலே டிவி.
ஒரே பென் டிரைவ், ஒன்பது படம்.
இந்தப் படம் இந்த மாதத்தில் நாலாவது தடவை.

எனக்கு வேலை செக்கிங்.
தைத்து வரும் அப்பர்களை விளக்கடியில் புரட்டி
தையல் தாண்டியது, தோல் சுருங்கியது,
மாட்டை உயிரோடு உண்ணி கடித்த தழும்பு,
எங்கே குறையோ அங்கே
சிவப்பு அம்புக்குறி ஒன்று ஒட்டுவேன்.
நகத்தளவு ஸ்டிக்கர்.
பேச வேண்டாம். காரணம் எழுத வேண்டாம்.
அம்பு இருந்தால் அது திரும்பிப் போகும்,
எந்தக் கை தைத்ததோ அந்தக் கைக்கே.

பஸ்ஸில் அவன் அவளைத் துரத்துகிறான்.
காலேஜ் வாசல், கோயில் வாசல், அவள் வீட்டு மொட்டைமாடி.
'நீ சிரிச்சா சம்மதம்,
மொறச்சா ரெண்டு மடங்கு சம்மதம்' என்கிறான்.
பின்னணியில் வயலின்.
எங்களில் பாதிப் பேரை
இதே மாதிரி எதையோ சொல்லிக்கினு எவனோ ஒருத்தன்
மேல்பட்டி ரயில்வே கேட் மூடியிருக்கையில்
பைக்கில் வழிமறித்திருக்கிறான்.
அப்போது வயலின் இல்லை.
கூட்ஸ் வண்டி மட்டும், ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எஸ்தர் எண்ணியிருக்கிறாள்.

அடுத்தது காமெடி.
முதலிரவு. முக்காட்டை விலக்குகிறான்.
கறுப்புப் பெண், எடுப்பான பல்.
அலறிக்கொண்டு ஜன்னல் வழியே குதிக்கிறான்.
பஸ்ஸே சிரித்தது.
அம்சவேணிதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.
அவளைப் பெண் பார்க்க மூன்று தடவை வந்தவர்கள்
'போன் பண்றோம்' என்று போனவர்கள்தான்.
சிரித்து முடித்து
துப்பட்டா நுனியால் பல்லை மூடிக்கொண்டாள்.

அந்த நுனியைப் பார்த்தேன்.
வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.
எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய்
பையில் மிஞ்சிக் கிடந்த அம்பை
நண்பனிடம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்
அவன் வாய்க்கு நேராக ஒட்டினேன்.

'இன்னாமா பண்ற, ஸ்கிரீன் வீணாப் பூடும்'
என்றார் தசரதன், ரோட்டைப் பார்த்தபடியே.
பாவம், ஒன்பது படத்தையும்
காதால் மட்டுமே பார்த்தவர்.

படம் ஓடியது. அம்பு ஓடவில்லை.
அது இப்போது ஹீரோயின் இடுப்பைக் காட்டியது.
பிறகு 'நாலு பேரு இன்னா பேசுவாங்க' என்று அழும் அம்மாவை,
அறை விழுந்த கன்னத்தை,
அறைந்த கையை,
அறை வாங்கிய பிறகு அவனைக் காதலிக்கத் தொடங்கும் கண்ணை.
நஸ்ரின் கேட்டாள், 'இப்ப இன்னாத்துக்குக்கா ரிஜெக்ட்?'
பின் சீட்டிலிருந்து யாரோ, 'மொத்த லாட்டும்.'
இந்தத் தடவை சிரிப்பு
வேறு இடத்திலிருந்து வந்தது.

நெல்லூர்ப்பேட்டையில் இறங்கி நடந்தால்
தெரு முழுக்க ஒரே சீரியல்.
ஒரு வீட்டில் விட்ட வசனத்தை
அடுத்த வீட்டில் பிடித்துக்கொள்ளலாம்.
கால்மேல் கால் போட்டு லேப்டாப் பார்க்கிறவள் கெட்டவள்.
விளக்கு ஏற்றுகிறவள் நல்லவள்.
விளக்கு வைக்கிற நேரத்தில்
நாங்கள் ஐம்பத்திரண்டு பேரும்
பாலாற்று மணலைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் பிரகதீஷ் தேம்பிக்கொண்டிருந்தான்.
சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்திருந்தது.
டிஞ்சர் தேடிக்கொண்டே சொன்னேன்,
'ச்சீ, பொட்டச்சி மாதிரி அழாத.'

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
எந்த வாய் தைத்து அனுப்பியது இதை?
என் அம்மாவா, அதற்கும் முன்னால் யாராவதா?
என்ன நேர்த்தி,
ஒரு நூல் பிசிறு இல்லை.

பையைத் துழாவினேன்.
ஒரே ஒரு அம்பு, ஓரம் மடிந்து.
உதட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு
அவன் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.
'இன்னாமா அது?' மூக்கை உறிஞ்சினான்.
'மறுபடி தைக்கணும்டா.'
அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.
பஞ்சை நனைத்து வைத்தேன்.
எரிந்தது.
தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதான்.